நிலைப்படி தாண்டாத வண்டி

வண்டி நிலைப்படி தாண்டவில்லை. அதுதான் கோளாறு. வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் மனைவி அந்த அறை வாசலில் நின்றதைப் பார்த்தேன். கீழ்க்கட்டையை ரம்பம் போட்டு அறுத்திருக்கிறதே, என்ன விஷயம் என்று உங்கள் காதோரம் சொன்னதும் கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். முட்டிதான் சரியில்லை. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி உட்காருங்கள். அவர்கள் மாடியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒருவர் வாஸ்துவா என்றார். ஒருவர் கரையானா என்றார். கரையான் எப்படி வரும், தேக்கு அது. ஆமாம் கரையான்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டுவிட்டு ஃபோனை நோண்டவில்லை. அதனால் சொல்கிறேன்.

வண்டி என்றால் தெருவில் நிற்கிற வண்டி இல்லை. அதோ, ஃப்ரிட்ஜ் மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேனே, அது. பொம்மை என்று சொல்லாதீர்கள். ரோவர். செவ்வாய்க்கு அனுப்புகிறார்களே, அந்த ஜாதி. இது வீட்டுக்குள் ஓடும். அதுதான் வித்தியாசம்.

நான் ரயில்வே பட்டறையில் இருந்தவன். சக்கரப் பிரிவு. ரயில் சக்கரத்தைத் தட்டினால் வருகிற சத்தத்தை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு இந்தத் துக்கடா வண்டி தண்ணி காட்டியது. சரி, முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எதுவும் கேட்காதீர்கள்.

ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் போயிற்று. பேச்சு குழறியது, பிறகு கொஞ்சம் தெளிந்தது. பெண் தமயந்தி ஓசூரிலிருந்து வந்தாள். வேலைக்குப் போகிறவள் அவள், லீவு கிடையாது. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆரோக்கியமேரி என்று ஓர் அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். வாய் அதிகம். கை வாயைவிட வேகம். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று நான் உள்ளே போனேன். போகவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பார்த்ததும் வலது கையால் புடவையை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள். எட்டவில்லை. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அது எனக்குத் தெரியக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நோயாளியை எதற்குத் தொந்தரவு செய்வது? வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் முட்டி. அந்த நிலைப்படி வேறு உயரம். அந்த அறையில் எனக்கு என்ன வேலை, நீங்களே சொல்லுங்கள். துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி, மாத்திரை எல்லாம் மேரி. நான் கூடத்தில் இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டேன். இதோ, இந்த இடத்தில்தான். இங்கிருந்து அந்த வாசல் எவ்வளவு தூரம் இருக்கும்? கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

தமயந்தி அறைச் சுவரில் ஒரு கேமரா மாட்டலாம் என்றாள். அம்மாவை நானும் பார்ப்பேன், நீங்களும் பார்க்கலாம் என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். படுத்திருக்கிறவளைச் சுவரிலிருந்து உற்றுப் பார்ப்பதா? அவள் என்ன திருடியா? ஃபோனை வைத்துவிட்டாள். பிறகு ஒருநாள் பார்சல் வந்தது. பிரித்தால் இது. பாகம் பாகமாக. சேர்த்தால் கேமரா வைத்த வண்டி. "அப்பா, உங்களுக்கு மெஷின்னா பிடிக்குமே, செஞ்சு பாருங்க" என்றாள். கெட்டிக்காரி. என் பெண்.

இது வேறு. சுவரில் இருந்து உற்றுப் பார்ப்பது இல்லை இது. நாமாக ஓட்டிக்கொண்டு போய், என்ன ஏது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. நலம் விசாரிப்பது மாதிரி.

இந்தக் கூடத்துத் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பூட்டினேன். கஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு தட்டு, இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம். முன்னால் ஒரு குட்டி உருளை, தள்ளுவண்டிக்கு இருக்குமே அது போல. அதன் மேலே கேமரா. படம் வரும், சத்தமும் வரும். நாம் ஃபோனில் பார்க்கலாம், கேட்கலாம். நாம் பேசினால் அங்கே கேட்காது. அந்த வசதி இல்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

கொடுத்திருந்த காகிதத்தில் பாதி சீன எழுத்து. மீதி படம். படம் போதும் எனக்கு. தட்டு பழுப்பாக, அட்டை மாதிரி இருந்தது. அதன் மேலேயே எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். தமயந்தியிடம் வீடியோவில் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தை உரிக்க வேண்டுமாம், அடியில் கண்ணாடி மாதிரி இருக்குமாம். அறைக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். அதனால் உரிக்கவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பாருங்கள்.

முதல் ஓட்டத்தில் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. ஒரு மோட்டாருக்கு ஒயர் மாறியிருந்தது. "ஐயா, சாமி வந்துருச்சு போல" என்றாள் மேரி. மாற்றிக் கொடுத்தேன். நேராக ஓடியது. கூடம் தாண்டி, அந்த வாசல் வரை போயிற்று. அங்கே நின்றது. உருளை கட்டையில் முட்டியது. பின்னால் சக்கரம் இரண்டும் சுழல்கிறது, வண்டி அசையவில்லை.

அந்த நிலைப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது உள் அறைக்கெல்லாம் நிலைப்படி எதற்கு, கால்தான் இடிக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. நிலை வைத்த அன்று கட்டைக்கு மஞ்சள் பூசி, குழியில் நவதானியம் போட்டு, பால் விட்டு, எல்லாம் அவள் கையால் செய்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சள் குங்குமம். அதன் மேல் யாரும் நிற்கக் கூடாது. உட்காரக் கூடாது. ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் நின்று எதையும் கொடுத்து வாங்கக் கூடாது. ஒரு தடவை நான் அதில் ஏறி நின்று பட்டறை ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் காபி வரவில்லை. ஏன் என்று கேட்கவும் முடியவில்லை.

படுத்த பிறகும் விடவில்லை. மேரியை வைத்துப் பூசச் சொன்னாள். மேரி கழுத்தில் சிலுவை. அவள் பாட்டுக்கு ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே மஞ்சள் பூசுவாள். இவள் கட்டிலில் இருந்து அந்த மூலை, இந்த மூலை என்று சொல்லுவாள்.

அதனால் என்ன ஆயிற்று? வண்டி அங்கே போய் முட்டினால் கேமராவுக்குக் கட்டைதான் தெரியும். ஃபோன் முழுக்க மஞ்சள். அதற்குப் பின்னால் இருந்து அவள் குரல் மட்டும் வரும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் நேராகிறதா, இல்லையா? டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. மேரி சொன்னதையும் நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

மேரி வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "அம்மா, மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்துட்டாரு. உள்ள வர வெக்கப்படுறாரு" என்பாள். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பார்கள். சத்தம் தெளிவாகக் கேட்கும். நல்ல மைக், குறை சொல்லக் கூடாது.

அவள் வண்டியோடு பேச ஆரம்பித்தாள். என்னோடு அவ்வளவு பேசினதில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. இந்தா என்பேன், வருவாள். அவள் என்னங்க என்பாள். அவ்வளவுதான். வண்டியிடம் எல்லாம் கேட்பாள். உங்க ஐயா சாப்பிட்டாரா, முட்டிக்குத் தைலம் தேய்ச்சாரா, மழையில நனைஞ்சாரா என்று. மேரி வெளியே வந்து என்னிடம் கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லு என்பேன். மேரி உள்ளே போய்ச் சொல்லுவாள். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் வண்டி தாண்டவில்லை.

சக்கரத்துக்கு சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டினேன். கட்டையைப் பிடித்தது, ஏறவில்லை. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தேன். குதிரை மாதிரி முன்னால் தூக்கி மல்லாந்து விழுந்தது. பலகையைச் சரிவாகப் போட்டேன். அதில் எனக்கு இஷ்டமில்லை. பலகை போட்டால் எந்த வண்டியும் ஏறும், அதில் என்ன இருக்கிறது. இருந்தாலும் போட்டேன். மேரி வெந்நீர்ப் பாத்திரத்தோடு அதில் தடுக்கி விழுந்தாள். நல்லவேளை, தரையில்தான் கொட்டியது. அறைக்குள்ளிருந்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பலகையை எடுத்துவிட்டேன்.

ஒருநாள் மேரி, எப்போதும் போல முந்தானையால் முகத்தை மூடியிருந்த அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். நிலைப்படி வந்ததும் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் ஏறும்படி பின்பக்கமாக இழுத்தாள். அட, என்று தோன்றியது. அவள் திரும்பி வந்து படுத்ததும் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டினேன். சக்கரம் இரண்டும் ஏறிவிட்டது. உள்ளேயும் இறங்கிவிட்டது. ஆனால் வயிறு கட்டையில் உட்கார்ந்துகொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. உருளையும் கேமராவும் கூடத்துப் பக்கம்.

ஃபோனைப் பார்த்தேன். கூடம் தெரிந்தது. நாற்காலியில் ஒரு கிழவன் உட்கார்ந்து ஃபோனை வெறித்துக்கொண்டிருந்தான். சவரம் செய்யவில்லை. பின்னால் டிவி ஓடுகிறது, அதையும் பார்க்கவில்லை. எனக்கு அது எதற்கு? நான் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம்.

அப்போதுதான் அவள் பேசினாள். மேரியிடம் இல்லை, வண்டியிடம்.

"நிலைப்படியில நிக்காத. வர்றதா இருந்தா உள்ள வா. இல்லைன்னா போ."

குரல் நன்றாகத் தெளிந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தமயந்தியிடமும் சொன்னேன், அம்மாவுக்குப் பேச்சு சுத்தமாக வருகிறது என்று. என்னப்பா சொன்னாங்க என்றாள். வண்டியைத் திட்டினாள் என்றேன். லைன் கட் ஆகிவிட்டது போல.

மேரிதான் வண்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். "ஐயா, ஒண்ணு சொல்லட்டா. நீங்க நடந்து போனா வண்டியைவிடச் சீக்கிரம் போயிரலாம்" என்றாள். வாய் அதிகம் என்று சொன்னேன் அல்லவா.

பெரிய சக்கரம் வேண்டும் என்று முடிவு செய்தேன். இங்கே கேட்ட கடைகளில் எல்லாம் இதே அளவுதான். சென்னையில் கிடைக்கும் என்றார்கள். பாஸ் இருக்கிறது எனக்கு. காலையில் ரயில் ஏறினேன். கடை கடையாக அலைந்து, விரல் தடிமனுக்குப் பல் வைத்த சக்கரம் இரண்டு வாங்கினேன். நல்ல ரப்பர். கட்டை என்ன, கல்லே இருந்தாலும் ஏறும். தங்கைமகன் வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

வந்து பார்த்தால் வாசல் முழுக்க மரத்தூள்.

மேரி கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நிலைப்படியைக் காணோம். இரண்டு பக்கமும் மொட்டையாக வெட்டி எடுத்து, இடையில் சிமெண்டு பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. இந்த வீட்டுக்கு நிலை செய்த ஆசாரி மாரிமுத்துவின் பிள்ளைதான் வந்திருந்தானாம். முடியாது, நிலையை அறுத்தால் வீட்டுக்கு ஆகாது, என் அப்பா செய்த வேலை இது என்று அவனும் மல்லுக்கு நின்றானாம். அறுக்காமல் போனால் நான் இன்றைக்குக் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாளாம். அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாளாம். எடுத்த கட்டையை என்ன செய்வது என்று அவன் கேட்டதற்கு, அலம்பி என் கட்டிலுக்கு அடியில் வை என்றாளாம். இதெல்லாம் மேரி சொன்னது.

எனக்குக் கோபம். இங்கே நின்றபடியே சத்தம் போட்டேன். "என்னை ஒரு வார்த்தை கேக்காம யாரு அறுக்கச் சொன்னது? நான் சக்கரம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து அவள் சொன்னாள். "தடுக்குறது எதுவும் இல்லீங்க இப்ப. வாங்க."

நான் சக்கரப் பையை மேஜை மேல் வைத்தேன். கோபம் என்றால் கோபம். முகத்தைக் கழுவினேன். சாப்பிட்டேன். சிமெண்டு காயட்டும் என்று மறுநாள் வரை விட்டேன். பிறகு வண்டியை எடுத்துத் தரையில் வைத்து ஓட்டினேன்.

என்ன அழகாகப் போயிற்று தெரியுமா. பழைய சக்கரத்திலேயே. ஓர் ஆட்டம் இல்லை, ஓர் உதறல் இல்லை. நேராக உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நிறுத்தினேன். கேமரா அண்ணாந்து பார்க்கட்டும் என்று அடியில் ஓர் அழிரப்பர் துண்டை ஏற்கெனவே வைத்திருந்தேன். அவள் முகம் தெரிந்தது. வாய் நேராகியிருந்தது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. தலை வாரிப் பூ வைத்திருந்தாள். பொட்டு பெரியதாக. என்ன விசேஷமோ.

சக்கரச் சத்தம் கேட்டுக் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கீழே பார்த்தாள்.

"நீ மட்டும்தான் வந்தியா" என்றாள்.

படமும் சத்தமும் பிசிறில்லாமல் வந்தது. அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

அதற்கப்புறம் தினமும் போயிற்று. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. அவள் வண்டியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வந்து நிற்கும், பார்ப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். களைப்பு. மாப்பிள்ளை வந்துட்டாரு என்று சொல்வதை மேரியும் விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேரி காலையில் கோயிலுக்குப் போயிருந்தாள், பூசை முடிந்து வருவாள். நான் வண்டியை அனுப்பினேன். அவள் படுத்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அசையவில்லை. நெட் நின்றுபோயிற்று என்று நினைத்தேன். அடிக்கடி அப்படி ஆகும். ஃபோனை அணைத்து மறுபடி போட்டேன். அதே படம். வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் விட்டேன். கட்டில் நகர்ந்து தெரிந்தது, அவள் அப்படியே இருந்தாள். ஓட்டம் சரியாக இருக்கிறது, கேமராதான் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று அப்போதும் நினைத்தேன்.

சுவரில் ஒரு தினக் காலண்டர். மின்விசிறிக் காற்றில் அதன் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. ஃபோனில் அது நன்றாகத் தெரிந்தது.

படம் நின்றுபோகவில்லை.

எழுந்து போனேன். வாசல் வந்ததும் காலை உயர்த்தினேன். இத்தனை வருஷப் பழக்கம், அங்கே கட்டை இருக்கும் என்று கால் தானாக உயரும். கீழே ஒன்றும் இல்லை. கால் வெறும் தரையில் தொப்பென்று விழுந்தது. தடுமாறிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். இந்தா என்றேன். கை சூடாகத்தான் இருந்தது. உள்ளங்கை மட்டும். மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவை காலிலிருந்து விலகியிருந்தது. இழுத்து மூடினேன்.

மேரி வருகிற வரை அங்கேதான் இருந்தேன். கீழே வண்டி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஃபோன் கூடத்தில் கிடந்தது. பேட்டரி தீர்ந்து அதுவாக அணைந்தது.

அவ்வளவுதான். பெண் ஓசூருக்கு வரச் சொல்கிறாள். போகிறேன். அங்கே அடுக்குமாடி, எந்த வாசலிலும் நிலைப்படி கிடையாதாம். வண்டிக்குத் தோது.

உங்கள் மனைவி இறங்கி வருகிறார்கள் போலிருக்கிறது. புதுக் கட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஆசாரியும் வந்து கேட்டான், பழைய கட்டை இருக்கிறதே, அதையே திரும்பப் பொருத்தித் தருகிறேன் என்றான். அனுப்பிவிட்டேன். வீடு உங்களுக்குப் பிடித்தால் வாருங்கள். சுவருக்கு எந்த வர்ணம் வேண்டுமோ அடித்துக்கொள்ளுங்கள். ஆணி அடியுங்கள், ஏசி மாட்டுங்கள். அந்த வாசலை மட்டும் தொடக் கூடாது. அது சரியாகிவிட்டது. சரியானதை மறுபடி எதற்குத் தொட வேண்டும்?

சென்னையில் வாங்கின சக்கரம் அந்தப் பையில் அப்படியே இருக்கிறது. பிரிக்கவில்லை. வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, கோளாறு கட்டையில்தான். பெயர்த்தது ஆசாரி பிள்ளை. சரி செய்தது அகிலாண்டம்.